பச்சிலை போட்ட பெட்டி

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது நான் குடியிருந்தது ஒரு சர்பத் கடையின் பின்னறையில். அதை அறை என்று சொன்னால் கடைக்காரப் பாயே சிரிப்பார். சர்க்கரை மூட்டை, பாட்டில் பெட்டி, எலுமிச்சம்பழக் கூடை எல்லாம் போக, ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கிற அளவுக்குத் தரை மிச்சம் இருந்தது. அந்தத் தரை எனக்கு. காலையில் ஐஸ் கட்டியை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போனால் வாடகை கழிந்தது.

எண்பதுகளின் நடுவில் அது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பஞ்சு அள்ளினேன். லாரியில் கிளீனராகப் போனேன். குற்றாலத்தில் சீசனுக்குப் பரோட்டா மாவு பிசைந்தேன். எதிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்குத்தான் கால் நிற்காது.

அறையின் விட்டத்தில் பாய் திருநீற்றுப்பச்சிலைக் கதிர்களைக் கட்டுக்கட்டாகத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார். சர்பத்தில் மிதக்கும் கறுப்பு சப்ஜா விதை அந்தக் கதிரில் இருந்து உதிர்வதுதான். விதை எடுத்த பிறகு மிஞ்சும் இலையையும் தண்டையும் ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில் அடைத்து வைப்பார், கொசுவுக்குப் புகை போட. அந்த வாசத்தில் எனக்கு முதல் வாரம் தலை வலித்தது. இரண்டாவது வாரம் பழகிப்போனது.

அந்த வருஷம் எனக்கு மாம்பழப் பெட்டி கட்டுகிற வேலை. கான்சாபுரத்துக்கு மேற்கே, மலையடியில், ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த அக்காவிடம் சேர்ந்திருந்தேன். நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டு, முழங்கை வரை மடித்து விட்டிருப்பாள். புருஷன் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மரத்துக்குக் கீழே நின்றபடி எந்தக் கிளையில் எந்தக் காய் முற்றியது என்று சொல்லிவிடுவாள். பறிக்கிறவன் தப்பான காயில் கை வைத்தால் அவன் பரம்பரைக்கே வசவு விழும்.

அந்தப் பக்கத்துத் தோப்புப் பழமெல்லாம் ராஜபாளையம் மண்டிக்குப் போய், மண்டி மார்க்கில் பெட்டியாகி, கொல்லத்துக்குப் போகும். யார் தோப்புப் பழம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"பத்து வருசம் அடுத்தவன் பழத்தைத் தலையில சொமந்தேன்லே. இப்பத்தான் எம்பழம்னு ஒண்ணு இருக்கு. அது எம்பேரு சொல்லித்தான் எறங்கணும்."

பேருக்குப் பதில் ஒரு மார்க் வேண்டும். முயல் என்று முடிவு செய்தாள். ஏன் முயல் என்று கேட்டதற்கு, "தோப்புக்குள்ள அதுதான் என்னைவிட ஓடுது" என்றாள். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அச்சு செய்யும் வேலை எனக்கு வந்தது. உடம்பு, காது, வால் எல்லாம் நன்றாகத்தான் வந்தன. நாலாவது கால் வரவேண்டிய இடத்தில் தகரம் துருப்பிடித்து உடைந்துவிட்டது. வேறு தகரம் இல்லை. அப்படியே நீல மை தொட்டு முதல் பெட்டியில் அடித்தோம். ராஜபாளையத்து லாரி டிரைவர் அண்ணாச்சி பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சரியான ஆளுக்குத்தான் இந்த மார்க் வச்சிருக்காவ. புடிச்ச முயலுக்கு மூணே காலு!"

"சிரிச்சது போதும். பாரத்தை ஏத்தும்" என்றாள் அக்கா.

முதல் லோடு போய் ஒரு வாரத்தில் அண்ணாச்சி திரும்பி வந்தார். சிரிப்பு இல்லை. கொல்லத்தில் வியாபாரி பழத்தை நாலைந்து நாள் பெட்டியிலேயே பழுக்க விட்டுத்தான் பிரிப்பார். அங்கே மழை தொடங்கிவிட்டது. பிரித்தால் பெட்டிக்குப் பெட்டி பூசணம். தோலில் கரும்புள்ளி, காம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மயிர். ஒன்று தொட்டதெல்லாம் கெட்டிருக்கிறது.

"இன்னும் ஒரு லோடு பாப்பாராம். அதுவும் இப்பிடி வந்தா முயல் மார்க் எறக்க வேண்டாம், மண்டியோட சேத்து அனுப்பிக்கிடச் சொல்லுன்னுட்டாரு."

அக்கா கையிலிருந்த காயின் காம்பை ஒடித்து, பால் வடியக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த காயை எடுத்தாள். அன்று பறிக்கிறவன் யாருக்கும் வசவு விழவில்லை.

அந்த வாரமே எனக்குக் காய்ச்சல். எட்டு நாள் பெரியாஸ்பத்திரியில், கட்டில் கிடைக்காமல், வராந்தாவில் படுத்துக் கிடந்தேன். கஞ்சியும் மாத்திரையும் கொடுத்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. அறைக்குத் திரும்பியபோது பசி காதை அடைத்தது. அக்கா கொடுத்த அடிபட்ட பழங்கள் நான் போகும்போது பத்துப் பன்னிரண்டு இருந்தன. பாதியை அலமாரிப் பலகையில் வைத்திருந்தேன். எலிக்குப் பயந்து மீதியைப் பாயின் பிஸ்கட் தகரத்துக்குள், பச்சிலைக் குப்பையின் மேல் போட்டு மூடியிருந்தேன்.

பலகையில் இருந்தவை பழமாக இல்லை. ஆறு பூனைக்குட்டிகள் சுருண்டு படுத்திருந்தது போல மயிர் முளைத்திருந்தன. தகரத்தில் இருப்பது இதைவிட மோசமாக இருக்கும், காற்று கூடப் புகவில்லையே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு திறந்தேன். தோல் சுருங்கியிருந்தது. அவ்வளவுதான். ஒரு புள்ளி கிடையாது. அடிபட்ட இடம்கூட அப்படியே காய்ந்திருந்தது. நின்ற இடத்திலேயே மூன்றைத் தின்றேன். நாலாவதைத் தின்னும்போதுதான் புத்தி வேலை செய்தது.

பாயைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடி வச்சா எதுவும் நாறத்தானப்பா செய்யும்? இது நாறலையே."

"பச்சிலைதான் பாய். அந்த வாசம் உள்ளேயே நின்னிருக்கு."

"இம்புட்டு நாளா இதை நான் கொசுவுக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன் பாரு. சரி, அதையும் திங்காத, எனக்கு ஒண்ணு வை."

மறுநாள் தோப்புக்குப் போய் அக்காவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் விட்டுருச்சுன்னு யாருலே சொன்னது?"

"நெசமாத்தான்க்கா. ஒரு பெட்டி மட்டும் குடுங்க. அஞ்சு நாள் ஒங்க கட்டிலுக்கு அடியில வச்சுப் பாப்போம்."

பழமும் குறைவில்லை, அவளுக்கு வேறு வழியும் இல்லை. சரி என்றாள். பாயிடம் இருந்த குப்பை ஒரு பெட்டிக்கே பத்தாது. அதனால் நான் கோயில் பக்கத்துப் பூக்கடையில் ஒரு மதினியிடம் போனேன். சொந்தமில்லை, எல்லாரும் மதினி என்றுதான் கூப்பிடுவோம். மாலையில் வைத்துக் கட்ட மருக்கொழுந்து, துளசி, திருநீற்றுப்பச்சிலை எல்லாம் வைத்திருப்பாள்.

"என்ன கொழுந்தனாரே, யாருக்கு மாலை? பொண்ணு அமைஞ்சிருச்சா?"

"மாம்பழத்துக்கு மதினி."

"அதானே பாத்தேன். ஒமக்கு யாரு பொண்ணு குடுப்பா."

நல்ல பச்சையாக, மணக்க மணக்க நாலு கட்டு கொடுத்தாள். பாயிடம் இருந்தது காய்ந்த குப்பை, இது புத்தம் புதிது, இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று எனக்குச் சந்தோஷம். பெட்டிக்குள் பழத்துக்குப் பழம் இலையைப் பொத்தி வைத்து, தாள் போட்டு, மூடி, அக்காவின் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஐந்தாம் நாள் அக்கா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். இலை அழுகிக் கறுத்துப் பழத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதன் மேல் பூசணம், அதன் கீழே பூசணம். கொல்லத்தில் பிரித்த பெட்டிகூட இவ்வளவு அழகாக இருந்திருக்காது.

"ஏலே, நீ கெட்டுத் திரியிறது பத்தாதுன்னு என் பழத்தையும் கெடுத்துட்டியே. பச்சிலை வைத்தியரு! போயி எருக்குழியில கொட்டு."

கொட்டினேன். வேலையை விட்டுப் போய்விடலாமா என்று தோன்றியது. அது எனக்கு எப்போதும் தோன்றுவதுதான். ஆனால் ஒரு விஷயம் மண்டையைக் குடைந்தது. இலை ஒன்றுதான், பழம் ஒன்றுதான். தகரத்துக்குள் ஒரு விதம், பெட்டிக்குள் வேறு விதம் என்றால் நடுவில் என்னவோ இருக்கிறது.

நடுவில் பறித்ததை அக்கா மண்டிக்கே விட்டுவிட்டாள். கொல்லத்துக்காரர் சொன்ன அந்த இன்னொரு லோடு இனிக் கடைசிப் பறிப்புதான், அதற்கு ஒரு வாரம் இருந்தது. பூக்கடைக்குப் போய் மதினியின் பலகைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன். அவள் தொடுத்துக்கொண்டே வம்பு பேசினாள். ஒரு கண்ணி போடுவாள், இடது கை பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் போணியில் நனையும், பூ மேல் ஒரு சிலுப்பு. யாராவது மருக்கொழுந்து கேட்டால் எடுத்து ஒரு சிலுப்பு, வாழை இலையில் மடித்து மறுபடி ஒரு சிலுப்பு. பேச்சு நிற்காது, கை பாட்டுக்குத் தண்ணீர் தெளிக்கும். ஒரு தடவை என் முழங்காலுக்கும் தெளித்துவிட்டது.

நான் சிரித்தேன்.

"என்னத்துக்குய்யா இளிக்கீரு?"

"மதினி, அன்னைக்கு எனக்குக் குடுத்த கட்டுலயும் தண்ணி தெளிச்சீங்களா?"

"தெளிக்காம? பச்சைன்னா ஒரு கை தண்ணி போடாமக் குடுக்கலாமா? வாடிப்போயிராது?"

அதுதான் விஷயம். பூவுக்கு உயிர் கொடுக்கிற தண்ணீர் பூசணத்துக்கும் உயிர் கொடுத்திருக்கிறது. பாயின் பச்சிலை நிழலில் தலைகீழாகத் தொங்கி ஈரம் போய் வாசம் மட்டும் நின்றது. நானோ ஈர இலையைப் பழத்தின் மேலேயே வேறு பொத்தி வைத்திருந்தேன். தகரத்தில் கீழே கிடந்த இலை மேல் வரிசைப் பழத்தைத் தொடவே இல்லை. தொட வேண்டியது வாசம்தான்.

அன்றே கான்சாபுரம் பஸ் பிடித்தேன். தகரத்தில் மிஞ்சியிருந்த கடைசிப் பழத்தையும் கையோடு கொண்டு போனேன். அக்காவின் முன்னால் தகரத்தைத் திறந்து வைத்துவிட்டு, பேசுவதற்குமுன் அவள் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டேன்.

அவள் பழத்தை எடுத்தாள். காம்புப் பக்கம் மோந்தாள். கட்டைவிரலால் அமுக்கினாள். கடித்தாள்.

"எத்தனை நாளாச்சு?"

"இருபது நாளாவுதுக்கா."

அவள் கொட்டை வரைக்கும் தின்று முடித்தாள்.

"கடைசிப் பறிப்பு மொத்தத்துக்கும் போடு. ஆனா நீயும் லாரியில ஏறுத. அஞ்சு நாள் அங்கயே கெடந்து, பெட்டியைப் பிரிக்கையில பக்கத்துல நிக்கணும். கெட்டிருந்துச்சுன்னா இந்தப் பக்கம் வராத, அங்கயே மீன் புடிச்சுப் பொழச்சுக்கோ."

எனக்கு ஊர் பார்க்க வழி கிடைத்த சந்தோஷம். அதை முகத்தில் காட்டவில்லை.

மதினியிடம் தண்ணீர் தெளிக்காத பச்சிலை கேட்டபோது கோபித்துக்கொண்டாள். "வாடல் சரக்கு விக்காளேன்னு நாளைக்குத் தெருவே பேசும். நான் எங்க போயி முழிக்க?" கடைசியில், வன்னியம்பட்டியில் இருந்து காலையில் வரும் பச்சிலைச் சாக்கை அவள் பலகைக்கு வருமுன் அப்படியே நான் தூக்கிக்கொள்வது என்று பேசி முடித்தோம். அப்போதும் சாக்கைத் தூக்கி என் தலையில் வைக்கும்போது அவள் இடது கை போணியைத் தேடியது. நான் முன்கூட்டியே அதைக் காலால் நகர்த்தி வைத்திருந்தேன்.

பாய் தன் விட்டம் முழுவதையும் எனக்கு விட்டுக்கொடுத்தார். பத்தாமல் கடைக்கு உள்ளேயும் கயிறு கட்டினோம். "வெயில்ல போட்டுராத, வாசம் அம்புட்டும் போயிரும்" என்றார். இரண்டு நாள் சர்பத் குடிக்க வந்தவர்கள் எல்லாம் பச்சிலைக்குள் தலையை விட்டுத்தான் குடித்தார்கள். வாடியதை உருவி, ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற இடத்தில் கழிவாகப் போகிற துண்டுகளை வாங்கி வந்து, பிடிப்பிடியாக முடிந்தேன். மெல்லிய சல்லடைத் துணி. வாசம் வெளியே வரும், இலை பழத்தில் படாது. பெட்டிக்கு நாலு முடிச்சு, நாலு மூலைக்கு. பலகைச் சந்தெல்லாம் அடைபடும்படி உள்ளே இரட்டைத் தாள். மேலே ஆணி. வெளியே மூணுகால் முயல்.

லாரி ஆரியங்காவு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. "தோப்பு அம்மா இதுக்குப் பொறவும் ஒன்னைய வேலைக்கு வச்சிருக்காவளே, அதைச் சொல்லு" என்று அண்ணாச்சி வழியெல்லாம் கேலி. கொல்லத்தில் பாரத்தை இறக்கிவிட்டு, "பதரா, நடலே, போய்த் தூங்கு" என்று தன் வீட்டுத் தெலுங்கும் தமிழும் கலந்து விரட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஐந்து நாள் வியாபாரி கிடங்கின் தாழ்வாரத்தில் சாக்கு விரித்துக் கிடந்தேன். பகலில் மூட்டை தூக்கினால் மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் கிடைத்தது. மழை ஒரு நாளும் விடவில்லை. அடுத்த வரிசையில் மண்டி மார்க் பெட்டிகள். மூன்றாம் நாளே அதில் ஒன்றின் அடியில் சாறு கசிந்து ஈ மொய்த்தது. எங்கள் பெட்டியின் அடியை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தடவிப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் காலை வியாபாரி வந்தார். கடப்பாரையால் மூடியை நெம்பியதும் உள்ளே அடைந்திருந்த வாசம் குப்பென்று அவர் முகத்தில் அடித்தது. இரண்டடி பின்னால் போனார்.

"எந்தா இது? மருந்தடிச்சதா? கல்லு வச்சுப் பழுத்ததா?"

"இல்ல முதலாளி, இலை."

"ஆசுபத்திரி மாதிரி மணக்குது. இதை யார் வாங்கும்? கொண்டுபோ, கொண்டுபோ."

பழம் ஒவ்வொன்றும் மஞ்சளாக, புள்ளியில்லாமல் படுத்திருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். கெட்டுப்போனால் என்ன சொல்வது என்று ஐந்து நாளாக யோசித்து வைத்திருந்தேன். கெடாமல் இருந்தால் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. ஒரு பழத்தை எடுத்துத் தோலோடு கடித்தேன். முடிச்சு ஒன்றை அவிழ்த்து அவர் உள்ளங்கையில் கொட்டினேன்.

"சர்பத்துல போடுற விதை இருக்குல்லா, அந்தச் செடி. நீங்க போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க முதலாளி. முடிச்சை எடுத்துட்டுப் பெட்டியைத் தொறந்தே வைக்கேன். வந்து மோந்து பாருங்க."

முறைத்தபடி போனார். கிடங்கின் இரண்டு கதவையும் திறந்து, மழைக்காற்றுக்கு எதிராகப் பெட்டியை வைத்தேன். அவர் அரை மணி கழித்துத்தான் வந்தார். ஒரு பழத்தை எடுத்துக் காம்பில் மூக்கை வைத்தார். மாம்பழ வாசம் தவிர வேறு ஒன்றும் இல்லை. அடுத்ததை எடுத்தார். பிறகு பத்துப் பெட்டியை வரிசையாகப் பிரிக்கச் சொன்னார்.

ஒரு பெட்டியில் மட்டும் மூன்று பழத்தில் காம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம். அதைத் தூக்கிக் காட்டினார்.

"இதோ."

"அது மரத்துலயே உள்ள ஏறின பூசணம் முதலாளி. வாசம் வெளிய உள்ளதைத்தான் வெரட்டும்."

அவர் தலையாட்டினார். முப்பது வருஷமாகப் பழம் பார்க்கிறவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவற்றை ஒட்டிக் கிடந்த மற்ற பழமெல்லாம் சுத்தமாக இருந்ததை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, அவர்கள் இறக்குகிற மார்க்குகளைச் சாக்கட்டியால் வரைந்து வைக்கும் கரும்பலகையைக் காட்டினார். கணக்குப்பிள்ளை பெட்டியைப் பார்த்துப் பார்த்து ஒரு முயலை வரைந்தார். நாலாவது காலைப் போடப் போனவரை வியாபாரி தடுத்தார். பெட்டியில் இருக்கிறது போலத்தான் பலகையிலும் இருக்க வேண்டுமாம்.

தோப்புக்குத் திரும்பினேன். அக்கா அடுத்த வருஷத்துக்கு மரத்தடியைக் கொத்திக்கொண்டிருந்தாள். பழம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

"பலகையில போட்டானா?"

"போட்டாங்கக்கா. மூணு காலோட."

மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

"அடுத்த வருசம் நல்ல தகரமா வாங்கி வைக்கேன். நாலாவது காலை வெட்டித்தர இருப்பியாலே?"

இருப்பேன் என்றேன். இருக்கவில்லை. தை மாதமே திருப்பூருக்குப் போய்விட்டேன், அங்கிருந்து வேறு எங்கெங்கோ. தொண்ணூறுகளில் ஒரு விவசாயக் கண்காட்சியில் பந்தல் கட்டும் வேலைக்கு நின்றபோது, படித்தவர் ஒருவர் சில செடிகளின் இலையில் இருந்து கிளம்பும் ஆவிக்கே பழத்தில் பூசணம் வளரவிடாமல் தடுக்கும் குணம் உண்டு என்று மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளிக்கக் கூடாது என்பதை அவர் சொல்லவில்லை. கையைத் தூக்கலாமா என்று பார்த்தேன், ஏணி மேல் நின்றிருந்ததால் தூக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஆனி மாதம், செங்கோட்டையில் மழைக்கு ஒதுங்கி டீ குடித்துக்கொண்டிருந்தேன். சோப்பும் இஞ்சியும் கலந்தது போன்ற அந்தப் பச்சிலை வாசம் வந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஒரு லாரி நின்றது. தார்ப்பாயின் ஓரம் விலகி, பெட்டிகளின் வரிசை தெரிந்தது. நீல மையில் முயல்கள். எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் மூன்று கால்.

"இது யாரு பழம் அண்ணாச்சி?" என்று டிரைவரிடம் கேட்டேன். புது ஆள்.

"கான்சாபுரத்து அம்மா பழம். அச்சை மாத்துங்கன்னு நானும் மூணு வருசமாச் சொல்லுதேன், கேக்க மாட்டாவ. நாலு கால் போட்டா கொல்லத்துல எறக்க மாட்டானாம்."

டீயைக் குடித்து முடித்தேன். மழை விட்டிருந்தது. தார்ப்பாயின் விலகிய ஓரத்தை இழுத்துக் கட்டிவிட்டு, உள்ளே தண்ணீர் இறங்கவில்லையே என்று ஒரு தடவை பெட்டியைத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.